செப்டிக் பம்ப் மக்கர் பண்ணினால்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தை பிறந்தால் காரைக்குடி வட்டாரத்து மோட்டார் மெக்கானிக்குகளுக்குத் தூக்கம் குறைந்துவிடும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடந்த வீடுகள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குவார்கள். முதல் நாள் காலையில் ஐம்பது பேர் குளித்து முடித்த கையோடு பின்கட்டிலிருந்து குரல் வரும்: "அண்ணே, பாத்ரூம்ல தண்ணி நிக்குது."

வெளியூரில் செப்டிக் பம்ப் ஓடி ஓடித் தேயும். இங்கே நிலைமை வேறு. ஓடாமல் கிடந்தே கெட்டுப்போன பம்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் செத்திருக்கும், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கிப் பம்பைப் போட்டு நிறுத்தும் ஃப்ளோட் காய்ந்த கசடில் ஒட்டியிருக்கும், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு குடியேறியிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை பம்பை வெளியே எடுக்காமலேயே சரிசெய்யக்கூடியவை. ஆனால் நம் ஆட்கள் முதல் வேலையாகக் கயிற்றைக் கட்டிப் பம்பை மேலே தூக்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியில் செய்யுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது.

பழைய வீட்டில் பம்ப் ஏன் வந்தது?

நம் வீடுகள் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடப்பவை. கட்டிய காலத்தில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. இப்போது வளவை (நடு முற்றப் பகுதியை) ஒட்டிய அறைகளிலேயே குளியலறை வைத்துவிட்டோம். 60 அடிக்கு ஓரடி என்று வாட்டம் வைத்தால்கூட, 100 அடி தள்ளியிருக்கும் தொட்டிக்குப் போய்ச் சேரும்போது குழாய் 20 அங்குலம் கீழே இறங்கியிருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை அவ்வளவு ஆழத்துக்கு உடைக்க யாருக்கும் மனசு வராது. தெருவிலோ தார் மேல் தார் போட்டு ரோடு வாசல்படி வரை ஏறிவிட்டது. ஆகவே நடுவில் ஒரு குழி வெட்டி, கழிவை அதில் சேர்த்து, பம்ப் வைத்து மேலே தூக்கி விடுகிறோம்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வகையில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கழிப்பறையிலிருந்து வரும் கழிவு அப்படியே குழிக்கு வந்து, அங்கிருந்து செப்டிக் டேங்குக்கு ஏறினால், அதற்குக் கெட்டிப் பொருளை விழுங்கும் சாக்கடை பம்ப் வேண்டும். செப்டிக் டேங்கின் கடைசி அறையில் தெளிந்த நீரை மட்டும் உறிஞ்சு குழிக்கோ பாதாள சாக்கடை இணைப்புக்கோ தூக்குவதாக இருந்தால் வேலை லேசு, சிறிய பம்ப் போதும். முதல் வகைக் குழியில் கிணற்றுத் தண்ணீருக்கான ஓப்பன்வெல் மோட்டாரை இறக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதற்குப் பழுது பார்ப்பது வீண். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அடுத்த விசேஷத்துக்கு அடைத்துக்கொள்ளும். பம்பை மாற்றுங்கள்.

குழி மூடியைத் திறக்கும் முன்

இதை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் தங்கும். அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. அந்த வாயு 100 பி.பி.எம். அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். 500 பி.பி.எம்.க்கு மேல் போனால் ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன், தீக்குச்சி கொளுத்திப் பார்த்தேன் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. மீத்தேன் இருக்கிற இடத்தில் தீக்குச்சி தனி ஆபத்து.

ஆகவே யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. தலையைக் குனிந்து உள்ளே நீட்டவும் கூடாது. செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "நம்ம வீட்டு ஆள்தான், அவரே இறங்குறேன்னு சொல்றார்" என்பதெல்லாம் செல்லாது. டேங்கை எடுக்க உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா வேலையும் குழிக்கு வெளியே நின்று செய்யக்கூடியது. அப்படிச் செய்ய முடியாத நிலை வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கும் ஒரு வார்த்தை. எம்.சி.பி.யை (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்சை) இறக்கினால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் "கரண்ட் இல்லையே" என்று போகிற போக்கில் சுவிட்சைத் தூக்கிவிட ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி), ரப்பர் கையுறை, நீளமான மூங்கில் கம்பு, டார்ச், இரண்டு வாளி, நல்ல நைலான் கயிறு. காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் இருந்தால் பாதி மெக்கானிக் நீங்கள்.

மோட்டார் சத்தமே இல்லை

முதல் கேள்வி: பம்ப் யாருடைய மீட்டரில் ஓடுகிறது? நான்கு பங்காளி வீட்டில் நான்கு மீட்டர் இருக்கும். செப்டிக் பம்பின் லைன் யாரோ ஒருவரின் மீட்டரில் இழுத்திருப்பார்கள். அவர் ஊருக்குப் போகும்போது மெயினை இறக்கிவிட்டுப் போயிருப்பார். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறங்கள். மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்டரின் பாயிண்டுகளுக்கு நடுவே எறும்புக் கூடு, கருகிப்போன பல்லி, பச்சை பிடித்த ஸ்க்ரூ. பூட்டிய வீட்டில் இவை மூன்றும் சாதாரணம். கரண்டை முழுதாகத் துண்டித்துவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தளர்ந்த ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். பாயிண்ட் குழி விழுந்து கறுத்திருந்தால் உப்புத் தாளால் தேய்க்காதீர்கள். அது ஒரு வாரம் தாங்கும், பிறகு இன்னும் வேகமாகக் கருகும். காண்டாக்டரை மாற்றுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். பெட்டிக்கு வரும் லைனில் எத்தனை வோல்ட், பெட்டியிலிருந்து பம்புக்குப் போகும் லைனில் எத்தனை வோல்ட் என்று தனித்தனியாகப் பாருங்கள். டெஸ்டர் எரிகிறது என்பதை நம்பாதீர்கள். 120 வோல்ட்டிலும் டெஸ்டர் எரியும், நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும்.

வரும் பக்கம் கரண்ட் இருந்து, போகும் பக்கம் இல்லை என்றால் அநேகமாக ஃப்ளோட் சுவிட்ச்தான். மூங்கில் கம்பின் நுனியில் கொக்கி வைத்து ஃப்ளோட்டை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். மோட்டார் எடுத்துக்கொண்டால் பம்பில் கோளாறு இல்லை, ஃப்ளோட் எங்கோ மாட்டியிருக்கிறது. எடுக்கவில்லை என்றால் கரண்டை நிறுத்தி, ஃப்ளோட்டின் வயரைப் பெட்டியில் கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஃப்ளோட் மேலே இருக்கும்போதும் தொங்கும்போதும் மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் ஃப்ளோட் போய்விட்டது. புதிது வாங்கும்போது கடையில் சொல்லிக் கேளுங்கள்: "குழியைக் காலி பண்ற ஃப்ளோட்" வேண்டும். மேல்தொட்டியை நிரப்புவதற்கான இணைப்பு கொடுத்துவிட்டால் குழி காலியாக இருக்கும்போது பம்ப் ஓடும், நிறைந்ததும் நின்றுவிடும்.

ஃப்ளோட் ஒட்டிக்கொள்வதற்கு இங்கே ஒரு தனிக் காரணம் உண்டு. விசேஷ வீட்டில் பலகாரச் சட்டி கழுவிய எண்ணெய்த் தண்ணீர் குழிக்கு வருகிறது. அது ஆறி, மேலே மெழுகாகப் படிந்து, அதில் முடி சிக்கி, சித்திரை வெயிலில் குழி வற்றும்போது ஃப்ளோட்டைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் ஓரத்துக் கருக்கு மாதிரி இருக்கும். சூடான சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கம்பால் சுரண்டினால் விடும். அடுப்படித் தண்ணீரைத் தனியே ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி வழியாகக் கொண்டுபோவதுதான் சரியான வழி.

ஃப்ளோட்டும் சரி, போகும் பக்கம் கரண்டும் சரி, ஆனாலும் சத்தம் இல்லை என்றால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பக் காப்பு துண்டித்திருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். அப்போது ஓடினால் சந்தோஷப்பட வேண்டாம். அது ஏன் சூடானது என்று பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். எலி கடித்திருக்கும்.

உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

இரண்டு நொடிக்கு மேல் கரண்ட் கொடுத்து வைக்காதீர்கள், மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) கருகிவிடும்.

காரணம் மூன்றில் ஒன்று. வோல்டேஜ் குறைவு, கண்டென்சர், அல்லது உள்ளே ஏதோ மாட்டியிருப்பது. வோல்டேஜைப் பம்பைப் போட்ட அந்த நொடியில் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 225 காட்டும் லைன், போட்டதும் 170-க்கு விழும். முகப்பு முழுக்க சீரியல் லைட், அறைக்கு அறை ஏ.சி., கீசர் எல்லாம் ஓடும்போது பழைய மரச்சட்டத்து வயரிங் வேறு என்ன செய்யும்? பம்புக்கு மீட்டர் பலகையிலிருந்தே தனியாக 2.5 அல்லது 4 சதுர மி.மீ. வயர் இழுப்பது நிரந்தரத் தீர்வு. பந்தல்காரர் ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தால் லைட் சுமையை அதற்கு மாற்றுவது அன்றைக்கு ஒப்பேற்றும் வழி.

கண்டென்சர் பெட்டிக்குள் இருந்தால் அதிர்ஷ்டம். கரண்டை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் இருக்கும். அதன் இரு முனைகளையும் ஒரு பழைய குண்டு பல்பின் வயர்களால் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கையை வையுங்கள். மேலே அச்சடித்திருக்கும் மைக்ரோ ஃபாரட் அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாக மல்டிமீட்டர் காட்டினால் மாற்றிவிடுங்கள். வயிறு உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல். "கொஞ்சம் பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள், காயில் சூடாகும்.

இரண்டும் சரி என்றால் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில்) துணி, நாப்கின், ஈரத்தாள், தேங்காய் நார் ஏதாவது சுற்றியிருக்கும். அல்லது ஓடாமல் கிடந்து சீல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பம்பைத் தூக்கத்தான் வேண்டும்.

ட்ரிப் ஆகிறது

எது ட்ரிப் ஆகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எம்.சி.பி. போட்ட உடனே விழுந்தால் ஷார்ட். ஐந்து பத்து நிமிஷம் ஓடி விழுந்தால் மோட்டார் அதிகம் இழுக்கிறது, அதாவது இம்பெல்லர் சிக்கல், பேரிங், அல்லது குறைந்த வோல்டேஜ். இ.எல்.சி.பி. (மின்கசிவைக் கண்டால் விழும் சுவிட்ச்) விழுந்தால் கசிவு. எங்கோ மின்சாரம் ஈரத்தின் வழியாக மண்ணுக்குப் போகிறது.

இ.எல்.சி.பி. விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக லைன் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு குழந்தைகள் நிற்கிற குளியலறையோடு சேர்ந்த லைன் அது. அப்படிச் செய்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பெட்டியில் பம்ப் வயர்களைக் கழற்றிவிட்டு லைனை மட்டும் போடுங்கள். அப்போதும் விழுந்தால் வீட்டு வயரிங். விழாவிட்டால் கேபிளோ பம்போ. அடுத்து குழி மூடிக்குக் கீழே பாருங்கள். கேபிள் நீளம் போதாமல், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். குழியின் ஈரமும் வாயுவும் சேர்ந்து செம்பைக் கறுப்பாக்கித் தின்றிருக்கும். அந்த ஜாயிண்டை வெட்டி எறிந்துவிட்டு, கேபிளைத் தரைக்கு மேலே கொண்டுவந்து, மூடிய பெட்டிக்குள் இணையுங்கள். பல வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

ஜாயிண்டும் சரி என்றால் மெக்கர். 500 வோல்ட்டில் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல பம்ப் பல மெகா ஓம் காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சீல் தோற்றுவிட்டது.

ஓடுகிறது, ஆனால் கழிவு போகவில்லை

அதிகம் குழப்புவது இதுதான். "மோட்டார் நல்லாத்தான் ஓடுது ஆச்சி, தண்ணிதான் எறங்க மாட்டேங்குது" என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்வார். ஆச்சிக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது. புது பம்ப் வாங்கச் சொல்லிவிடுவார்.

டாங் டெஸ்டரை ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டி ஆம்பியரைப் பாருங்கள். பம்பின் தகட்டில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். தகட்டைவிடக் கூடுதலாக இழுத்தால் உள்ளே சிக்கல். குறைவாக இழுத்தால் பம்ப் சும்மா சுற்றுகிறது: தண்ணீரைத் தள்ளவில்லை. கேட் வால்வு மூடியிருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், என்.ஆர்.வி. (ஏற்றிய தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) திறக்காமல் இருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், இம்பெல்லர் தண்டிலிருந்து கழன்றிருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கேட் வால்வு: கைப்பிடி சுற்றுவதை நம்பாதீர்கள். பழைய வால்வில் தண்டு சுற்றும், உள்ளே தகடு இறங்கிய இடத்திலேயே நிற்கும். புதிதாகப் போடுவதானால் முழு விட்டமும் திறக்கிற பால் வால்வு போடுங்கள்.

காற்றடைப்பு: குழி முழுக்க வற்றிக் கிடந்து மறுபடி நிறையும்போது பம்பின் வயிற்றில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே என்.ஆர்.வி. மூடியிருப்பதால் அது வெளியேற வழியில்லை. இம்பெல்லர் காற்றையே கடைந்துகொண்டிருக்கும். பூட்டிய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம், மற்ற ஊர்களில் இவ்வளவு பார்க்க முடியாது. உடனடித் தீர்வு, கயிற்றைப் பிடித்துப் பம்பைக் கொஞ்சம் சாய்த்து ஆட்டுவது. குமிழி வந்து பிறகு சத்தம் கனமாக மாறும். நிரந்தரத் தீர்வு, பம்புக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவே டெலிவரி குழாயில் 4 அல்லது 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடுவது. ஓட்டை குழி மூடிக்குக் கீழே, கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஓடும்போது அதிலிருந்து பீச்சியடிக்கும், அது குழிக்குள்ளேயே விழட்டும். "எவனோ பைப்புல ஓட்டை போட்டுட்டான்" என்று அடுத்து வருகிற பிளம்பர் எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

என்.ஆர்.வி.: அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறதா பாருங்கள். யூனியனை (குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பை) கழற்றி உள்ளே இருக்கும் தகடு தடையில்லாமல் ஆடுகிறதா பாருங்கள். கழற்றும் முன் குழாயில் நிற்கும் கழிவு கொட்டும் என்பதை நினைவில் வைத்து வாளியைப் பிடியுங்கள்.

மூன்று ஃபேஸ் பம்பாக இருந்தால் ஒரு கூடுதல் சந்தேகம். தெருவில் மின்வாரியத்தார் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து தண்ணீர் குறைவாகப் போகிறது என்றால் ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. ஏதாவது இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு பம்பின் திறனை அளந்துவிடுங்கள். கருவி வேண்டாம். 3 அடிக்கு 3 அடி குழியில் நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கினால் சுமார் 84 லிட்டர் வெளியேறியிருக்கிறது. கம்பில் இரண்டு கோடு போட்டு, குழிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, பம்பை ஓட்டி, கடிகாரத்தைப் பாருங்கள். 2 அங்குலக் குழாயில் கசடு தங்காமல் நகர வேண்டுமானால் நிமிஷத்துக்குச் சுமார் 80 லிட்டராவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் போகும், கசடு குழாயிலேயே தங்கும், சில மாதத்தில் அடைக்கும். சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று 4 அங்குலக் குழாய் போட்டுவிட்டுச் சின்ன பம்பை வைப்பதும் இதே வியாதியைத்தான் கொண்டுவரும்.

நிற்கவே மாட்டேன் என்கிறது

பம்ப் நின்ற சில நிமிஷத்தில் குழியில் மட்டம் ஏறி மறுபடி ஓடினால், யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் கவனியுங்கள். என்.ஆர்.வி. பிடிக்காமல் ஏற்றிய தண்ணீர் திரும்பி இறங்கும். அல்லது ஃப்ளஷ் டேங்க் ஒழுகும். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். அழுத்தாமலேயே பீங்கானில் சிவப்பு இறங்கினால் அந்த ஒழுகல்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இப்படி ஆனால் மழைத் தண்ணீர். வளவு முற்றத்துத் தண்ணீர் தனி வாய்க்கால் வழியாக வெளியேறி ஊரணிக்குப் போகும்படிதான் நம் முன்னோர் கட்டினார்கள். பிற்பாடு பாத்ரூம் வைத்தவர்கள் சுலபமாக இருக்கிறதென்று அந்த வாய்க்காலைக் கழிவுக் குழியில் விட்டிருப்பார்கள். 1000 சதுர அடிக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் வரும். எந்த வீட்டு பம்பும் அதற்காக வைத்ததில்லை. பம்பைக் குறை சொல்லாமல் வாய்க்காலைப் பிரித்துவிடுங்கள்.

பம்பைத் தூக்குவது, பிரிப்பது

மேலே சொன்னது எதிலும் விடை கிடைக்காதபோதுதான் இது. இரண்டு பேர் வேண்டும். கரண்டைத் துண்டித்து, வால்வை மூடி, யூனியனைக் கழற்றி, கயிற்றிலோ சங்கிலியிலோ தூக்குங்கள். கேபிளைப் பிடித்துத் தூக்கினால் கேபிள் நுழைகிற இடத்து ரப்பர் விலகி, நன்றாக இருந்த மோட்டாருக்குள்ளும் தண்ணீர் போய்விடும். கயிறு இற்றுப்போயிருந்தால் கம்பியில் கொக்கி செய்து கைப்பிடியில் மாட்டுங்கள், இறங்க வேண்டாம். தூக்கியதைக் கிணற்றடியில் வைத்துக் கழுவாதீர்கள். கொல்லையில் ஒதுக்குப்புறமாக வைத்துக் கழுவி, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் இம்பெல்லர் தெரியும். சுற்றியிருப்பதைக் கத்தரியால் வெட்டி, இடுக்கியால் இழுங்கள். கையை விடாதீர்கள், பிளேடும் ஊசியும் வருவதுண்டு. சுத்தமானதும் இம்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். மெல்லிய இழுப்போடு ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. கரகரவென்றால் பேரிங். அசையவே இல்லை என்றால் சீல் ஒட்டியிருக்கிறது. சுத்தியலால் தட்டாமல், தண்டின் நுனி நட்டில் ஸ்பேனர் வைத்து இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பக்கவாட்டில் எண்ணெய் அறையின் திருகு ஒன்று இருக்கும். பம்பைச் சாய்த்து அதைத் திறந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் மூடிவிடலாம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் கீழ் சீல் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் சீலும் ஓ-ரிங்கும் எண்ணெயும் மாற்றுவதோடு வேலை முடியும். தாண்டிவிட்டால் காயில் கட்ட வேண்டிவரும். சீல் மாற்றும்போது அதன் வழவழப்பான முகத்தை விரலால் தொடாதீர்கள். எண்ணெய் வகை, அளவு இரண்டும் கம்பெனி சொன்னபடி. வழிய வழிய ஊற்றக் கூடாது, சூட்டில் விரிய இடம் வேண்டும்.

மெக்கரில் அளவு குறைந்து, ஆனால் காயில் கருகாமல் இருந்தால் உடனே ரீவைண்டிங் கொடுத்துவிடாதீர்கள். மோட்டாரைத் திறந்து வெயிலில் வைத்து, இரவில் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு உலர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள். ஏறிவந்தால் சீல் மட்டும் மாற்றினால் போதும். கருகின வாடை வந்தால் ரீவைண்டிங்தான். என் கருத்தைக் கேட்டால், 1 எச்.பி.க்குக் கீழே உள்ள பம்புக்கு ரீவைண்டிங், சீல், பேரிங் மூன்றும் சேர்ந்து வந்தால் புதிதே வாங்கலாம். 1.5 எச்.பி.க்கு மேல் வார்ப்பிரும்பு உடம்பு நன்றாக இருந்தால் செம்புக் கம்பியில் கட்டிக்கொள்வது லாபம்.

திரும்ப இறக்கும்போது

குழியின் அடியில் நேராக உட்காரவைக்காதீர்கள். இரண்டு கருங்கல் துண்டு வைத்து அரை அடி உயர்த்தினால் மணலும் கசடும் வாய்க்கு வராது. ஃப்ளோட் சுற்றிலும் சுவரிலோ குழாயிலோ இடிக்காமல் ஆடுகிறதா பாருங்கள். பம்பின் உடம்பு மூழ்கியிருக்கும்போதே நிற்கும்படி ஃப்ளோட் வயரின் நீளத்தைக் கட்டுங்கள். நல்ல தண்ணீரால் குழியை நிரப்பி, தொடர்ந்து மூன்று முறை தானாக ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் இதையெல்லாம் செய்யாதீர்கள். குறைந்தது பதினைந்து நாள் முன்பே ஓட்டிப் பாருங்கள். சீல் ஊரில் கிடைக்காமல் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவேண்டியிருக்கும். தங்கும் விடுதியாக மாற்றிய வீடுகளில் இரண்டு பம்ப் வைத்து மாறி மாறி ஓட்டுவதுதான் முறை.

வீட்டைப் பூட்டும் முன்

மாதம் ஒருமுறை ஆள் வந்து விளக்குப் போடும் வீடானால், அவரையே குழியில் பத்து வாளி நல்ல தண்ணீர் ஊற்றிப் பம்பை ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால், கடைசி நாளில் நல்ல தண்ணீர் விட்டுக் குழியை இரண்டு முறை அலசி, பம்பை வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, பின்கட்டில் நிழலில் வைத்துவிடுங்கள். அழுக்குத் தண்ணீரில் விட்டுப்போனால் கோடையில் அது வற்றிப் பம்பைச் சுற்றி இறுகிவிடும். வெளியே வைத்தாலும், வீட்டுக்கு வரும்போதெல்லாம் இம்பெல்லரைக் கம்பால் நாலு சுற்றுச் சுற்றிவிட வேண்டும், சீல் ஒட்டாமல் இருக்க.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுங்கள். பங்காளிகள் சேர்ந்திருக்கும் நாளிலேயே செலவைப் பேசிப் பங்கு போட்டுவிடுவது நல்லது. அவரவர் ஊருக்குப் போன பிறகு போனில் வசூலிப்பது பம்பைப் பிரிப்பதைவிடக் கஷ்டம். மழைக்காலத்தில் எடுப்பதாக இருந்தால், பிளாஸ்டிக் தொட்டியை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது காலித் தொட்டி மிதந்து எழும்பி, குழாய்களை உடைத்துவிடும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் இவற்றை எழுதி, மேலே பிளாஸ்டிக் ஒட்டிவையுங்கள்: பம்பின் எச்.பி., கண்டென்சர் அளவு, நல்ல நிலையில் இழுத்த ஆம்பியர், எண்ணெய் மாற்றிய தேதி, டேங்க் எடுத்த தேதி, லைன் யாருடைய மீட்டரில் இருக்கிறது என்பது.